பிறப்பைப் பார்த்து எழுதிய சட்டம்: திருவிதாங்கூர் அரசாணைகள், 1812–1936

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் கடைத்தெருவுக்குப் பெயரே சாலை. கார்த்திகைத் திருநாள் இராமவர்மாவின் ஆட்சியில் (1758–1798) திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் அமைத்த கம்போளம் அது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வரும் பாதை கரமனையையும் கிள்ளியாற்றையும் தாண்டி இந்தத் தெருவின் வழியாகத்தான் கோட்டையை எட்டும். அதனால் தமிழ் வணிகர்கள் இங்கே தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்தார்கள். தெருவின் பேச்சில் தமிழ் இன்றும் கேட்கும். பக்கத்து வலியசாலையில் உள்ள சிவன் கோயிலை, இராசராசனின் மெய்க்கீர்த்தி பேசும் காந்தளூர்ச் சாலையோடு இணைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. பெயர் எங்கிருந்து வந்திருந்தாலும், இத்தகைய பொதுவழியில் யார் நடக்கலாம், என்ன உடுத்திக்கொண்டு நடக்கலாம், கடைக்காரரிடம் எத்தனை அடி தள்ளி நின்று பேசலாம் என்பவை 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டவை அல்ல. பெரும்பகுதி வழக்கமாகவும், ஒரு பகுதி எழுத்தில் வந்த அரசாணையாகவும் அவை நடைமுறையில் இருந்தன. வழக்கம் எப்போது, எதற்காக எழுத்துக்கு வந்தது, எழுத்துக்கு வந்தபின் அது எப்படி மாறியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1750 சனவரியில் மார்த்தாண்டவர்மா நாட்டைப் பத்மநாபசுவாமிக்குத் திருப்படித்தானமாக ஒப்படைத்தார். அன்றுமுதல் அரசர் பத்மநாபதாசர். நாடு தெய்வத்தின் சொத்து. இந்த ஏற்பாட்டின் அரசியல் காரணங்கள் வேறு. அதன் சட்ட விளைவு தெளிவானது. சாதி ஆசாரத்தைக் காப்பது கோயில் காரியம் மட்டுமன்று, அரசின் கடமையும் ஆயிற்று. நாடார் ஒருவர் நம்பூதிரியிடமிருந்து 36 காலடியும் நாயரிடமிருந்து 12 காலடியும் விலகி நிற்க வேண்டும் என்று மிஷனரிகளின் குறிப்புகள் கூறுகின்றன. புலையர், பறையர்க்கு அந்தத் தொலைவு இன்னும் கூடும். குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, பொன்நகை பூணக் கூடாது, மாடி வைத்து வீடு கட்டக் கூடாது, பெண்கள் குடத்தை இடுப்பில் ஏந்தக் கூடாது, மார்பை மூடக் கூடாது என்று பட்டியல் நீள்கிறது. கடைத்தெருவில் பொருள் வாங்க வந்த புலையர் தொலைவில் காசை வைத்துவிட்டு ஒதுங்குவார். கடைக்காரர் காசை எடுத்துப் பொருளை வைத்துவிட்டு ஒதுங்குவார். இவற்றை மீறியவரை அடிப்பது மேல்சாதியார் வேலை. அபராதம் விதிப்பதும் சிறையில் அடைப்பதும் அரசு அதிகாரிகளின் வேலை.

இதே நாட்டின் வடக்கே பறவூரில் யூதர்கள் வாழ்ந்தார்கள். 17ஆம் நூற்றாண்டிலேயே கட்டப்பட்ட ஜெபாலயம் அவர்களுக்கு இருந்தது. அவர்கள் வணிகம் செய்தார்கள். தங்கள் முறைப்படி உடுத்தினார்கள். ஐரோப்பா யூதர்களைத் தனிக் குடியிருப்புகளில் அடைத்துவைத்திருந்த நூற்றாண்டுகளில் திருவிதாங்கூரும் கொச்சியும் அவர்களை அப்படி நடத்தவில்லை என்று பெருமையோடு எழுதப்படுவதுண்டு. பெருமை நியாயமானதே. ஆனால் ஐரோப்பா யூதருக்குச் செய்தவற்றில் பலவற்றை, உடைக்கும் தெருவுக்கும் தொழிலுக்கும் கட்டுப்பாடு விதிப்பதை, இதே அரசு தன் சொந்தக் குடிமக்களில் பெரும்பகுதியினருக்குச் செய்துகொண்டிருந்தது.

துணியும் ஆணையும்

பிறப்பின் அடிப்படையிலான கட்டுகளில் முதலில் எழுத்தில் தொடப்பட்டது அடிமைமுறை. 1812இல் ராணி கௌரி லட்சுமிபாய் அடிமைகளை வாங்குவதையும் விற்பதையும் தடைசெய்தார். ஆனால் நிலத்தோடு சேர்ந்த உழவடிமைகளுக்கு அந்த ஆணை பொருந்தாது என்று அதிலேயே விலக்கும் இருந்தது. விலக்குதான் பெரும்பான்மை. 1836ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகை சுமார் 12.8 லட்சம்; அதில் அடிமைகள் சுமார் 1.65 லட்சம். அவர்களுக்கு முழு விடுதலை தந்த விளம்பரம் (அரச அறிவிப்பு) 1855 சூன் 24 அன்றுதான் வந்தது. கொடுக்கும் கையே விலக்கையும் எழுதும் இந்த நடை அடுத்து வந்த ஆணைகள் ஒவ்வொன்றிலும் திரும்பத் தெரிகிறது.

அதன் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு தோள்சீலை வழக்கு. 1806இல் வந்த பிரஷ்ய மிஷனரி ரிங்கல்தௌபே, மயிலாடியில் லண்டன் மிஷனின் பணியைத் தொடங்கினார். 1818க்குப் பின் சார்லஸ் மீட் நாகர்கோவிலிலிருந்து அதை விரிவாக்கினார். மதம் மாறிய நாடார் பெண்கள் மார்பை மூடத் தொடங்கினார்கள். ஆங்கிலேயரின் ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ 1814இல் அதற்கு அனுமதி அளித்தார். ஆனால் அந்த அனுமதி சிரியன் கிறித்தவப் பெண்களும் மாப்பிளைப் பெண்களும் அணியும் குப்பாயம் என்ற மேல்சட்டைக்கு மட்டும். நாயர் பெண்கள் போடும் தோள்சீலைக்கு இல்லை. மேலே துணி இருப்பதா இல்லையா என்பதல்ல அங்கே எழுந்த கேள்வி. எந்தத் துணி, எந்த மடிப்பு, யாரைப் போல என்பதே கேள்வி. துணியின் தையலிலேயே சாதி தெரிய வேண்டும் என்று அரசு எதிர்பார்த்தது.

பெண்களோ குப்பாயத்தோடு நிற்கவில்லை. அதன்மேல் சீலையும் போட்டார்கள். 1822, 1823 ஆண்டுகளில் கல்குளம் பகுதிச் சந்தைகளிலும் வழிகளிலும் அவர்களுடைய உடை கிழிக்கப்பட்டது. மீட் முறையிட்டபோது பத்மநாபபுரம் நீதிமன்றம் கிறித்தவப் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1827 முதல் 1829 வரை மோதல் பெருகி, ஆலயங்களும் பள்ளிகளும் எரிந்தன. அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் ராணி கௌரி பார்வதிபாய். 1829 பிப்ரவரி 3 அன்று அவர் பெயரில் வந்த விளம்பரம் இக்கட்டுரையின் நடுப்புள்ளி. நாடார் பெண்கள் தோள்சீலை அணிவது முறையன்று, அதை அவர்கள் விட வேண்டும் என்று அது விதித்தது. மதம் மாறியவர்கள் ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாள்களில் எல்லோரையும் போல அரசுக்கு ஊழியம் செய்ய வேண்டும். அனுமதி இல்லாமல் ஆலயம் கட்டக் கூடாது.

வழக்கத்தை ஆணையாக்கும்போது வழக்கத்தின் இயல்பே மாறிவிடுகிறது. ஊர் வழக்கம் ஊருக்கு ஊர் தளரும், இறுகும்; சில இடங்களில் யாரும் கேட்காமலே மறையும். 1829க்குப் பிறகு தோள்சீலை அப்படி மறைய வழி இல்லை. தோள்மேல் ஒரு முழத் துணி போடுவது அரசனின் ஆணையை மீறிய குற்றம் ஆகிவிட்டது. சீலையைக் கிழித்தவர்கள் தாங்கள் சட்டத்தை நிலைநாட்டுவதாகவே கருதினார்கள். முப்பது ஆண்டு கழித்து நடந்த கலவரத்தில் அந்த விளம்பரமே அவர்களுடைய வாதமாக வந்தது.

இடையில் சாமித்தோப்பிலிருந்து இன்னொரு பதில் எழுந்தது. அய்யா வைகுண்டர் (1809–1851) தம்மைப் பின்பற்றியவர்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னார். கீழ்சாதி ஆண் தலையில் கட்டிய துணியை மேல்சாதியாரைக் கண்டதும் அவிழ்த்துக் கக்கத்தில் வைக்க வேண்டிய நாட்டில், அது வழிபாட்டு முறை மட்டுமன்று. சுவாதித் திருநாள் காலத்தில் அவர் திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்புச் சிறையில் வைக்கப்பட்டார். மதம் மாறாமலே கட்டுப்பாட்டை மறுத்தவர் என்பதால், மதமாற்றத்தை மையமாக வைத்து எழுதிய அரசாணைகளின் கட்டத்துக்குள் அவரை அடைக்க முடியவில்லை.

தோள்சீலையோடு சேர்த்து இன்று அடிக்கடி பேசப்படும் முலைக்கரம் பற்றி ஒரு சொல். அது மார்பை மூடுவதற்காக விதித்த வரி அன்று. ஆண்மீது விழுந்த தலைக்கரத்துக்கு இணையாகப் பெண்மீது விழுந்த ஆள்வரியின் பெயர். வரியை எதிர்த்து மார்பை அறுத்துக்கொண்டதாகச் சொல்லப்படும் சேர்த்தலை நங்கேலியின் கதை மக்கள் நினைவில் வாழ்வது, ஆவணத்தில் காணப்படுவதன்று. வரி கொடியது என்பதற்கு அந்தக் கதை தேவையும் இல்லை.

1858 நவம்பரில் விக்டோரியா அரசியின் பிரகடனம், மத விஷயத்தில் தலையிடுவதில்லை என்று அறிவித்தது. தென்திருவிதாங்கூரில் அதை இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமாக வாசித்தார்கள். நாடார் பெண்கள் தடை நீங்கிவிட்டது என்று சீலை அணிந்தார்கள். எதிர்ப்பாளர்கள் பழைய வழக்கத்தைக் காக்க ஆங்கிலேயர் இனிக் குறுக்கே வரமாட்டார்கள் என்று துணிந்தார்கள். திவான் மாதவராவ் திசம்பர் கடைசியில் இரு தரப்பையும் எச்சரித்து ஒரு விளம்பரம் விட்டார். அதன்படி நாடார்கள் பழைய வழக்கத்தைத் தாமாக மீறக் கூடாது. ரெசிடென்ட் கல்லனும் அரசின் பக்கமே சாய்ந்தார். சந்தைகளில் தாக்குதல் தொடர்ந்தது, வீடுகள் எரிந்தன. சென்னை ஆளுநராகப் புதிதாக வந்த சார்லஸ் டிரெவெலியன் கல்லனுக்குக் கடுமையாக எழுதிய பிறகே திருவனந்தபுரம் அசைந்தது.

1859 சூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜாவின் விளம்பரம் வந்தது. வெற்றி என்று இன்று கொண்டாடப்படும் அந்த ஆணையை வாசித்தால் அதன் எல்லையும் தெரியும். நாடார் பெண்கள் கிறித்தவ நாடார்களைப் போல ரவிக்கை அணியலாம். அல்லது முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. 1814இல் மன்றோ போட்ட கோட்டையே மகாராஜா மீண்டும் போட்டார். கோட்டுக்கு உள்ளே இருந்தவர்களின் எண்ணிக்கை கூடியது, அவ்வளவே. அந்தக் கோடு ஆணையில் அழிவதற்கு முன்பே தெருவில் அழிந்தது. துணி விலை குறைந்து, பள்ளிக்குப் போன பெண்கள் பெருகி, எந்த மடிப்பு எந்தச் சாதிக்கு என்று பார்த்துச் சொல்லும் கண்களும் குறைந்தன.

இராஜவீதி, கிராமவீதி

உடையைப் பற்றிய சண்டை தெற்கே நடந்தது. வழியைப் பற்றிய சண்டை நாடெங்கும் நடந்தது, அதுவும் பெரும்பாலும் ஆவணக் கட்டுகளுக்குள். 1865இல் திருவிதாங்கூர் அரசு, பொதுவழிகள் எல்லாச் சாதியாருக்கும் திறந்தவை என்று அறிவித்தது. 1870 சூலையில் அதையே மறுபடி அறிவித்தது. 1884இல் மூன்றாம் முறையும். ஓர் அரசு ஒரே ஆணையை இருபது ஆண்டில் மூன்று முறை போடுகிறது என்றால், முதல் இரண்டு முறையும் யாரும் கேட்கவில்லை என்று பொருள்.

மூன்றாம் அறிவிப்பை எதிர்த்து வழக்குப் போனது. திருவிதாங்கூர் உயர்நீதிமன்றம் தந்த விளக்கம் சட்ட வரலாற்றில் தனி இடம் பெறத் தக்கது. 1865 அறிவிப்பு சொன்ன பொதுவழி என்பது இராஜவீதியை மட்டுமே குறிக்கும், கிராமவீதியைக் குறிக்காது என்றது மன்றம். அறிவிப்பு ரத்தாகவில்லை, ஒரு சொல்லின் பொருள் சுருங்கியது, அவ்வளவுதான். நாகர்கோவிலிலிருந்து தலைநகர் வரும் பெரும்பாதையில் ஒருவர் நடக்கலாம். அதிலிருந்து கோயிலை ஒட்டிப் பிரியும் தெருவில் கால் வைத்தால் குற்றவாளி. கோயிலைச் சுற்றிய வீதிகளில், கீழ்சாதியார் இதைத் தாண்டக் கூடாது என்னும் தீண்டல் பலகைகள் நின்றன.

1893இல் புலையர் தலைவர் வெங்ஙானூர் அய்யன்காளி வில்வண்டி ஏறிப் பொதுவழியில் சென்றார். வில்வண்டி மேல்சாதியாரின் வாகனம். வெள்ளை வேட்டி, மேல்துண்டு, தலைப்பாகை என்று அவர் உடுத்தியிருந்ததும் கணக்கில் சேர வேண்டும். உடைச்சட்டமும் வழிச்சட்டமும் அந்த ஒரு வண்டியில் சேர்ந்தே மீறப்பட்டன. 1898இல் அவருடைய கூட்டம் சந்தைக்கு நடந்தபோது பாலராமபுரம் சாலியர் தெருவில் பெரிய மோதல் நிகழ்ந்தது. பெயர் ஒலியை வைத்து அதைச் சாலைக் கம்போளத்தில் நடந்ததாக மயங்கிவிடக் கூடாது. அது நெசவாளர் தெரு, தலைநகருக்குத் தெற்கே உள்ளது.

1907இல் அவர் சாது ஜன பரிபாலன சங்கம் தொடங்கினார். புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்ற அரசாணை, வழி அறிவிப்பைப் போலவே, காகிதத்தில் இருந்தது. ஊருட்டம்பலம் பள்ளிக்கு அய்யன்காளி ஒரு சிறுமியைக் கைபிடித்துக் கூட்டிச் சென்றபோது பள்ளியையே எரித்தார்கள். உழவுக் கூலிகள் வயலில் இறங்க மறுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் கோரிக்கைகளில் பள்ளிக்கூடமும் ஒன்று. 1915இல் கொல்லத்துக்கு அருகே பெரிநாட்டில், புலையப் பெண்கள் தங்கள் சாதி அடையாளமான கல்மாலையை அறுத்து எறிந்தார்கள். தெற்கே போட்டுக்கொள்வதற்காக நடந்த சண்டை, இங்கே கழற்றி எறிவதற்காக நடந்தது. ஸ்ரீமூலம் பிரஜாசபையின் உறுப்பினராக அய்யன்காளி அமர்ந்த விக்டோரியா ஜூபிலி டவுன்ஹாலுக்கு 2019இல் அவர் பெயரே வைக்கப்பட்டது.

அரசுப் பணியிலும் இதே கோடு ஓடியது. சென்னையில் மருத்துவம் படித்த டாக்டர் பல்புவுக்கு ஈழவர் என்பதால் திருவிதாங்கூரில் வேலை கிடைக்கவில்லை. மைசூர் அரசு வேலை கொடுத்தது. 1896இல் 13,176 கையெழுத்துகளோடு ஈழவர் மெமோரியல் என்ற மனு மகாராஜாவிடம் சென்றது.

வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றிய வீதிகளுக்காக 1924 மார்ச் 30 அன்று தொடங்கிய சத்தியாகிரகம், சட்டக் கண்ணால் பார்த்தால், உயர்நீதிமன்றம் பிரித்த கிராமவீதிக்கான போராட்டம். தலைவர்கள் அடுத்தடுத்துச் சிறைபோனதும் ஈ.வெ.ராமசாமி ஈரோட்டிலிருந்து வந்து அதை ஏற்று நடத்தி இருமுறை சிறைப்பட்டார். நாகம்மையாரும் களத்தில் நின்றார். அந்த ஆண்டு நவம்பரில் மன்னத்து பத்மநாபன் வைக்கத்திலிருந்தும், டாக்டர் எம்.இ.நாயுடு நாகர்கோவிலிலிருந்தும் மேல்சாதியார் ஊர்வலங்களை நடத்திக்கொண்டு திருவனந்தபுரம் வந்து, ஆட்சிப்பொறுப்பு ராணி சேது லட்சுமிபாயிடம் மனுக் கொடுத்தார்கள். 1925 பிப்ரவரி 7 அன்று வழிகளைத் திறக்கும் தீர்மானம் சட்டமன்றத்தில் 21க்கு 22 என்ற கணக்கில் தோற்றது. ஒரே வாக்கு. நவம்பரில் போராட்டம் முடிந்தபோது கோயிலின் மூன்று பக்க வீதிகள் திறந்தன. கிழக்குப் பக்கம் மூடியே இருந்தது.

1936உம் 1938உம்

மகாராஜா சித்திரைத் திருநாள் 1932இல் ஆலயப் பிரவேச விசாரணைக் குழுவை அமைத்தார். 1936 நவம்பர் 12 அன்று, சர் சி.பி.ராமசாமி ஐயர் திவானாகி ஒரு மாதம் ஆகியிருந்தபோது, ஆலயப் பிரவேச விளம்பரம் வெளியானது. அரசர் கட்டுப்பாட்டிலும் அரசின் கட்டுப்பாட்டிலும் இருந்த கோயில்களில் பிறப்பாலோ மதத்தாலோ இந்துவான எவரும் நுழையலாம். கொச்சி அரசு தன் கோயில்களைத் திறக்க இன்னும் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. தாராள மனமா, மதமாற்ற அச்சமா, எழுந்துவரும் ஈழவ அரசியலா என்று காரணத்தைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். மூன்றும் ஒரே ஆணையில் இருக்க இடம் உண்டு. சி.பி.யின் பிற்காலக் கடுமையை நினைவில் வைத்து இந்த ஆணையைச் சிறுமைப்படுத்துவதும் சரியன்று, இந்த ஆணையைக் காட்டிப் பிற்காலத்தை மறைப்பதும் சரியன்று.

ஏறக்குறைய இதே ஆண்டுகளில் ஐரோப்பா எதிர்த்திசையில் சென்றது. 1935 செப்டம்பர் 15இன் நூரம்பர்க் சட்டங்கள் ஜெர்மானிய யூதர்களின் குடியுரிமையைப் பறித்தன. இத்தாலியில் யூதர்கள் ஏறத்தாழ 45,000 பேர். 19ஆம் நூற்றாண்டில் சம உரிமை பெற்றவர்கள். படையிலும் பல்கலைக்கழகத்திலும் உயர் பதவி வகித்தவர்கள். பாசிஸ்டுக் கட்சியிலும் சிலர் இருந்தார்கள். 1938 ஆகஸ்டில் முசோலினியின் அரசு அவர்களைத் தனியாகக் கணக்கெடுத்தது. செப்டம்பர் 5 ஆணை அவர்களுடைய பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் பள்ளிகளிலிருந்து நீக்கியது. நவம்பர் 17இன் 1728ஆம் எண் ஆணைச்சட்டம் கலப்புமணத்தைத் தடுத்தது. அரசுப்பணி, படை, பெரிய நிலவுடைமை, ஆரியப் பணியாளரை வைத்துக்கொள்வது எல்லாவற்றையும் தடுத்தது. கையெழுத்திட்டவர் அரசர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல்.

அந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவு யூதர் யார் என்று வரையறுத்தது: தாய் தந்தை இருவரும் யூத இனத்தவர் என்றால், வேறு மதத்தைப் பின்பற்றினாலும் அவர் யூதரே. திருவிதாங்கூர் ஆணைகளோடு ஒப்பிட இதுவே சரியான இடம். மன்றோவின் ஆணை மதமாற்றத்தை ஒரு கதவாகத் திறந்தது. 1829 விளம்பரம் அந்தக் கதவைப் பாதி சாத்தியது. ஞானஸ்நானம் பெற்றவர்க்குக் குப்பாயம் கிடைத்தது, ஊழியம் போகவில்லை. சிரியன் கிறித்தவரும் நாடார் கிறித்தவரும் ஒரே வேதத்தை வாசித்தாலும் அரசின் கண்ணில் ஒருவரல்லர். இத்தாலியில் கதவே இல்லை.

வேறுபாடுகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. பாசிச அரசு இருந்த உரிமையைச் சில மாதங்களில் பறித்தது. திருவிதாங்கூர் என்றுமே தராத உரிமையைத் தராமல் வைத்திருப்பதற்காக ஆணை எழுதியது. இத்தாலியச் சட்டம் மக்களை இரண்டாகப் பிரித்தது. திருவிதாங்கூரின் ஆணைகள் பல படிகளாக அடுக்கின, அதனால் நடுப்படியில் நின்றவர் தமக்குக் கீழே இருந்தவரை விலக்கவும் செய்தார். விளைவின் கொடுமையிலும் ஒப்பீடு முறிகிறது. 1938 கணக்கெடுப்பின் பட்டியல்கள் 1943 செப்டம்பரில் ஜெர்மானியர் இத்தாலியைக் கைப்பற்றியபோது அங்கேயே இருந்தன. அக்டோபர் 16 அன்று ரோமிலிருந்து மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பிடிக்கப்பட்டு ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டார்கள். தெற்கு இத்தாலியின் அரச அரசாங்கம் இனச் சட்டங்களை 1944 சனவரியில் நீக்கியது.

திருவிதாங்கூரின் ஆணைகளை ஒரே நாளில் நீக்கிய சட்டம் எதுவும் இல்லை. உடை ஆணைகள் பயனற்றுக் கிடந்து உதிர்ந்தன; வழித் தடைகள் ஊர் ஊராக விழுந்தன. 1950 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 15ஆம் உறுப்பின் இரண்டாம் பகுதி, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் காரணமாக யாருக்கும் எங்கெங்கே தடை கூடாது என்று இடங்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. அதில் முதலில் வருவது கடை. கிணறு, குளம், படித்துறைக்கு அடுத்து வருவது சாலை. எந்தச் சாலை என்ற கேள்விக்கும் அங்கேயே விடை இருக்கிறது: முழுவதுமோ ஒரு பகுதியோ அரசுப் பணத்தில் பராமரிக்கப்படுவது, அல்லது பொதுமக்கள் பயன்பாட்டுக்கு என்று விடப்பட்டது. இராஜவீதி, கிராமவீதி என்ற பிரிவு அதில் இல்லை.